நடு அறையில் கொசு மெஷின்

இந்த வீட்டில் அப்பாவும் மகளும் பேசிக்கொள்வதில்லை என்பது வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். இந்த வாரம்தான் உள்ளே நுழைகிறவர்களுக்காக நாலு வரி.

நாலு வருஷத்துக்கு முன்னால் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வெளியூரிலிருந்த பெரியவள் வரவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் வந்து நின்றாள். அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டவர்தான் அப்பா. அவளும் லேசுப்பட்டவள் இல்லை. தன்னிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாதா என்று அவளும் வாயைப் பூட்டிக்கொண்டாள். இப்போது புருஷனோடு ஒத்துவராமல் ஒரே ஒரு பெட்டியோடு திரும்பி வந்திருக்கிறாள். வாசலில் நின்றவளைப் பார்த்த அப்பா, மகனிடம் மட்டும், "பின் ரூமைத் திறந்து விடு" என்றார். அது வரவேற்பா, தண்டனையா என்று அவளுக்கு இன்னும் புரியவில்லை.

நடுவில் போக்குவரத்தெல்லாம் அவள் தம்பி, சின்னவன் வழியாகத்தான்.

"அவ சாப்பிட்டாளான்னு கேளு" என்பார் அப்பா, அவள் காதில் விழும்படியாகவே.

சின்னவன் அதை அப்படியே கொண்டுபோக மாட்டான். கொஞ்சம் சர்க்கரை போடுவான். "அக்கா, 'பாவம், புள்ள சாப்பிட்டுச்சா'ன்னு அப்பா கேக்கறாரு."

பாவமும் இல்லை, புள்ளயும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். சுவருக்கு இந்தப் பக்கம்தானே நிற்கிறாள்! இருந்தாலும், "ஆச்சுன்னு சொல்லு" என்பாள். அந்தப் பக்கம் போகும்போது அது, "ஆச்சாம்ப்பா, நீங்க சாப்பிட்டீங்களான்னு கேக்கறா" என்று ஆகிவிடும்.

இவ்வளவு தெரிந்தால் போதும். செவ்வாய்க்கிழமை காலைக்கு வருவோம்.

பெரியவளின் தொழில் பேச்சுப் பயிற்சி. திக்கிப் பேசுகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மெல்ல மெல்லப் பேச்சைப் பழக்குகிற வேலை. வீட்டு நிலவரத்தை வைத்து இதைக் கிண்டல் செய்யலாம்தான். சின்னவன் ஏற்கெனவே செய்து வாங்கிக் கட்டிக்கொண்டான்.

போன வாரம் ஒரு கிளினிக்கில் ஆள் தேவை என்றார்கள். வேலையெல்லாம் வீடியோவில்தான். டாக்டர் ஒரு பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்து, பயிற்சி கொடுத்துக் காட்டச் சொன்னார். அந்தப் பெண் ஓட்டல் ரிசப்ஷனில் வேலை பார்ப்பவள். போன் அடித்தாலே முதல் வார்த்தையில் மாட்டிக்கொள்வாள்.

திக்குகிறவர் ஒரு சொல்லில் நின்றுவிட்டால் எதிரில் இருப்பவர் சும்மா காத்திருக்க வேண்டும். சொல்லை எடுத்துக் கொடுப்பது மகா தப்பு. பெரியவளுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. ஆனால் பின் அறையில் நெட் இருந்த லட்சணத்தில், படம் வார்த்தைக்கு ஒரு தரம் உறைந்து நின்றது. அந்தப் பெண் உதட்டை மூடியபடி அசையாமல் இருந்ததைப் பார்த்து இவள், "ஹலோ, லைன் கட்டாயிடுச்சா? கேக்குதா?" என்று குரல் கொடுத்துவிட்டாள்.

லைன் கட்டாகவில்லை. அந்தப் பெண் 'ப' என்ற எழுத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். இவள் கேட்டதும் அவள் தலை குனிந்தது. அதற்குப் பிறகு நிமிரவே இல்லை.

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. "செவ்வாய்க்கிழமை இன்னொரு தடவை பார்க்கலாம். அதுவும் சரிப்படலேன்னா வேற ஆளைப் பார்த்துக்கறோம்" என்றார். ஒரு கதவைத் திறந்து, பாதியில் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது அந்தக் குரல்.

அந்தச் செவ்வாய்க்கிழமைதான் இன்று. இந்த வேலை கிடைத்தால் அவள் சொந்தக் காலில் நிற்கலாம். கிடைக்காவிட்டால், விட்டுவிட்டு வந்த வீட்டுக்கே திரும்ப வேண்டியதுதான். "எத்தனை நாளைக்கு உங்கப்பா சோறு போடுவாரு, பார்க்கறேன்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறான் அந்த மகராஜன்.

வீடு ரயில் பெட்டி மாதிரி நீளமானது. முன்னால் ஹால். அதுதான் சின்னவனின் டிரைவிங் ஸ்கூல் ஆபீஸும். ரூட்டர் அங்கே, போக்குவரத்து அடையாளங்கள் வரைந்த அட்டைக்குக் கீழே இருக்கிறது. அடுத்து அப்பாவின் நடு அறை, அதன் பக்கவாட்டில் ஒரு நடை. நடை முடிகிற இடத்தில் சமையலறை. எல்லாம் தாண்டிக் கடைசியில் பின் அறை. அதன் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கோடவுன் சுவர் மூக்கில் இடிக்கும். செல்போன் சிக்னல்கூட அங்கே எட்டிப் பார்க்காது.

ஹாலில் உட்கார்ந்து பேசலாமே என்றால், அங்கே எந்நேரமும் யாராவது லைசென்ஸ் கனவோடு உட்கார்ந்திருப்பார்கள். ஒருவருடைய திக்கலை ஊர் கேட்க விடுவது அவள் தொழிலில் கிடையாது. ஒயர் இழுக்கிற ஆள் அடுத்த வாரம்தான் வருவானாம்.

"நான் இருக்கேன்ல?" என்று சொல்லிவிட்டு வெளியே போன சின்னவன், காலை டீ ஆறுவதற்குள் ஒரு டப்பாவோடு வந்தான். உள்ளங்கை அகலத்தில் வெள்ளையாக ஒரு சாதனம். இரண்டு கொம்பு.

"எக்ஸ்டெண்டர். இங்க மாட்டினா இந்த ரூமே ஜொலிக்கும்." பின் அறையிலேயே பிளக்கில் சொருகினான். அவள் போனில் கோடுகள் மடமடவென்று ஏறின. "பார்த்தியா? ஃபுல்!"

ஹாலுக்கு ஓடிப்போய் அவளுக்கு வீடியோவில் வந்தான். "அக்கா, எப்படி..." என்று வாயைத் திறந்தவன் திறந்த வாயோடு நின்றுபோனான், பல் டாக்டரிடம் போனவன் மாதிரி. அப்புறம் அசையவே இல்லை.

அவன் ஆளாகவே திரும்பி வந்தபோது பெரியவள் டப்பாவோடு வந்த தாளைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"இங்க வந்து சேர்றதே அரைகுறை சிக்னல். அதைத்தானே இது வாங்கித் திருப்பித் தருது? கோடு நிறையக் காட்டுது, உள்ள சரக்கு இல்ல. நல்லா வர்ற இடத்துல மாட்டணும்டா. பாதி வழியில."

போனைக் கையில் பிடித்துக்கொண்டு இருவரும் வீட்டை அளந்தார்கள். சமையலறையிலேயே சிக்னல் நோஞ்சானாகிவிட்டது. நடையில் நன்றாகத்தான் வந்தது, ஆனால் அங்கே பிளக் பாயின்ட் கிடையாது. பாதி வழியில் பிளக் பாயின்ட் இருக்கிற ஒரே இடம் நடு அறை.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் பார்த்துக்கறேன்" என்றான் சின்னவன். அந்த வீட்டில் அதிகம் புழங்குகிற வசனம் அதுதான்.

அவள் சமையலறையில் நின்று காதைத் தீட்டிக்கொண்டாள்.

"என்னடா அது?" அப்பாவின் குரல்.

"கொசு மெஷின்ப்பா."

"பகல்லயா?"

"புது மாடல்ப்பா. எப்பவும் ஓடிட்டே இருக்கணும், அப்பத்தான் கொசுவுக்குப் பயம் வருமாம்."

பேப்பர் புரட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

பெரியவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அப்பா வேலை பார்த்தது மின் நிலையத்தில். வாழ்நாள் முழுக்க சுவிட்சுகளுக்கும் விளக்குகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த மனுஷன்.

"அவர்கிட்ட போயாடா இந்தக் கதையை அளந்தே?"

"அப்பாவுக்குப் பெரிய பெரிய கரண்ட்டுதான் தெரியும்க்கா. இதெல்லாம் பொடிசு."

"உள்ளதைச் சொன்னா என்ன?"

"சொன்னா, 'அவளே வந்து கேக்கட்டும்'பாரு. நீ போய்க் கேப்பியா?"

அவள் கையிலிருந்த தாளை மடிக்க ஆரம்பித்தாள்.

"அதான். யாருக்கும் சங்கடம் இல்லாம முடிஞ்சுதா இல்லையா? நீ வேலையைப் பாரு" என்று சொல்லிவிட்டுச் சாவியைச் சுழற்றிக்கொண்டு கிளம்பினான். ரிவர்ஸ் எடுக்கவே பயப்படுகிற ஒரு பேங்க் மேனேஜருக்கு அன்றைக்கு வகுப்பு. வண்டியில் இருக்கும்போது போனை எடுக்க மாட்டான்.

அவன் பொய்யைத் தள்ளினாலும் அவன் வேலையைத் தள்ள முடியாது. பின் அறையில் படம் கண்ணாடி போலத் தெரிந்தது.

குறித்த நேரத்தில் டாக்டரும் அந்தப் பெண்ணும் திரையில் வந்தார்கள். பெரியவள் சுற்றி வளைக்காமல் ஆரம்பித்தாள்.

"போன தடவை நீங்க பேசிட்டிருக்கும்போது நான் குறுக்கே புகுந்துட்டேன். தப்பு என்னோடது. மன்னிச்சுக்கங்க."

அந்தப் பெண் ஆச்சரியமாகப் பார்த்தாள். அவளிடம் இதுவரை யாரும் அதற்கு மன்னிப்புக் கேட்டதில்லை போலிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் தோள் இளகியது. மூச்சை மெதுவாக விட்டு, உதட்டை அழுத்தாமல் சொல்லைத் தொடங்கப் பழகினார்கள். நடுநடுவே நின்றாள், தடுக்கினாள், ஒரு தரம் சிரிக்கவும் செய்தாள்.

"ஓட்டல்ல இப்ப உங்களுக்கு என்ன சொல்லணும்? யார்கிட்ட?"

"மா... மானேஜர்கிட்ட. என்னைச் சாவி எடுத்துக் கொடுக்கற வேலைக்கு மாத்தறேன்னு சொல்றாரு. எனக்கு... அது வேணாம்."

"அப்ப என்ன சொல்லணுமோ அதை என்கிட்ட சொல்லுங்க. நான்தான் மானேஜர்."

அந்தப் பெண் மூச்சை இழுத்தாள். "சார், போ..." உதடு மூடிக்கொண்டது.

பெரியவள் காத்திருந்தாள். கண்ணை எடுக்கவில்லை. இந்தத் தடவை எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பது என்று முடிவு செய்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம்தான் அந்தப் பெண்ணின் பின்னால் ஃபேன் காற்றில் ஆடிக்கொண்டிருந்த திரைச்சீலையைக் கவனித்தாள். ஒரு பக்கமாக உப்பி, அந்தரத்தில் அப்படியே நின்றிருந்தது. திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

பெரியவள் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. சமையலறையைத் தாண்டி, நடையைத் தாண்டி, நடு அறை வாசலில் போய் நின்றாள். அம்மா போன பிறகு அந்த வாசலை அவள் மிதித்ததில்லை.

அப்பா நாற்காலியில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சாதனம் பிளக்கில் அப்படியே இருந்தது. விளக்கு எரியவில்லை. சுவிட்சை அணைத்திருந்தார்.

சின்னவனைக் கூப்பிட வழியில்லை. சொல்ல வேண்டியது அவள்தான்.

"அப்பா."

பேப்பர் இறங்கியது.

"அது கொசு மெஷின் இல்ல."

"தெரியும்."

"தெரிஞ்சுமா அணைச்சீங்க?"

"என்னன்னு தெரியல, கொசுவுக்கு இல்லேன்னு மட்டும் தெரியும்." அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "எங்க வேலையில, ஒரு சுவிட்ச் எங்க போகுதுன்னு தெரியலேன்னா அணைச்சுப் பார்ப்போம். யார் கத்திட்டு ஓடி வர்றாங்களோ, அது அவங்க லைன்."

பெரியவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. நாலு வருஷம் சேர்த்து வைத்திருந்ததும் கூடவே ஏறியது.

"அங்க ஒரு பொண்ணு பாதி வார்த்தையில நிக்கறா. என் வேலையே அவ பேசறதுலதான் இருக்கு. உங்களுக்கு விளையாட்டா இருக்கா? எனக்குப் பின் ரூமுக்கு நெட் வேணும். அதுக்குத்தான் இது. போடுங்க!"

அப்பா உடனே எழுந்து சுவிட்சைப் போட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"இது பச்சையாகணும்" என்றாள்.

"எவ்வளவு நேரம்?"

"ஒண்ணு, ரெண்டு நிமிஷம்."

வேறு வழியில்லாமல் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதைவிட அது சுலபமாக இருந்தது. அப்பாவின் சட்டைக் காலர் கழுத்தில் தொளதொளத்ததை அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். இவ்வளவு இளைத்துவிட்டாரா என்று மனசு கலங்கியது. கோபத்துக்கு நடுவில் இது வேறு.

"வேலைன்னு அவன் சொல்லவே இல்லையே" என்றார் அப்பா, விளக்கிடம் சொல்வது போல.

"என்ன சொன்னான்?"

"'அக்கா கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுக்கட்டும்ப்பா, ஒண்ணும் கேக்காதீங்க'ன்னான். நானும் கேக்கல."

"நீங்க கேக்கலேன்னு நான் வயிறெரிஞ்சுக்கிட்டு இருக்கேன்."

அப்பா திரும்பி அவளைப் பார்த்தார். அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தபோது விளக்கு பச்சையானது.

"போ, போ. இனிமே இதை நான் தொட மாட்டேன்."

அவள் ஓடினாள்.

திரையில் அந்தப் பெண் இருந்தாள். தலை குனிந்து இல்லை. முகமெல்லாம் பல்லாக இருந்தாள்.

"நான் சொ... சொல்லி முடிச்சுட்டேன் மேடம்! நீங்க அசையாம என்னையே பார்த்துட்டு இருந்தீங்க. இவ்வளவு பொறுமையா யாருமே எனக்காகக் காத்திருந்தது இல்ல. முழுசா சொன்ன பிறகுதான் உங்க படம் போச்சு."

பெரியவள் ஒரு கணம் யோசித்தாள். தலையை ஆட்டிவிட்டுப் போயிருக்கலாம். பக்கத்தில் டாக்டர் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல பெயர் தானாக வந்து மடியில் விழுகிறது; யாருக்கும் சங்கடமும் இல்லை.

"இல்லம்மா. இங்க லைன் கட்டாயிடுச்சு. நீங்க பார்த்தது நின்னுபோன படம். நீங்க சொன்னது எனக்குக் கேக்கவே இல்ல. நான் எழுந்து போயிட்டேன்."

அந்தப் பெண்ணின் சிரிப்பு சுருங்கியது. "அப்ப நான் யார்கிட்ட சொன்னேன்?"

"நான் இல்லாமலே சொல்லியிருக்கீங்க. அதுல எனக்கு ஒரு பங்கும் கிடையாது. இப்ப நிஜமாவே இங்கதான் இருக்கேன். எனக்கு ஒரு தடவை சொல்லுவீங்களா?"

அந்தப் பெண் டாக்டரைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். "சார், போ... போன் வேலையை என்கிட்டயே விடுங்க." நடுவில் நின்றது. பின்னால் திரைச்சீலை ஆடிக்கொண்டே இருந்தது. பெரியவள் காத்திருந்தாள். சொல் வந்தது.

அந்தப் பெண் எழுந்து போன பிறகு டாக்டர் கேமராவுக்கு நெருங்கி வந்தார். "லைன் கட்டானது எனக்குத் தெரியும். நீங்க அவகிட்ட என்ன சொல்றீங்கன்னுதான் பார்த்துட்டு இருந்தேன். திங்கள்கிழமையில இருந்து ஆரம்பிச்சிருங்க. அந்த நெட்டை மட்டும் ஒழுங்கு பண்ணுங்க."

பெரியவள் எழுந்து நின்றாள். சந்தோஷமாக இருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. வழக்கமாக இருந்தால் தம்பியிடம் சொல்லியிருப்பாள். அவன் எடுத்துக்கொண்டு போயிருப்பான். இன்றைக்கு அவளே நடந்துபோனாள்.

"வேலை கிடைச்சிருச்சுப்பா."

அப்பா தலையசைத்தார். கண் கலங்கியதை மறைக்கக் கண்ணாடியைத் துடைத்தார். கட்டிலைக் காட்டினார். அவள் ஓரமாக உட்கார்ந்தாள்.

"நல்லது. ரொம்ப நல்லது." கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு கேக்கணும். இத்தனை நாள் கேக்கல. அம்மா கிடந்தப்போ அவன் உனக்கு விடிய விடிய போன் அடிச்சானே, ஏன் நீ ஒரு தடவைகூட எடுக்கல?"

"எந்த போன்?"

"'அக்கா எடுக்கவே மாட்டேங்கறாப்பா'ன்னு வந்து வந்து சொன்னானே."

"நான் எடுத்தேன்ப்பா. முதல் மணியிலயே எடுத்தேன். பஸ்ஸுக்குக் கிளம்பறேன்னு சொன்னேன். 'அம்மா தேறிட்டாங்க, நீ வர வேணாம்'னு அவன்தான் தடுத்தான். அப்பாதான் அப்படிச் சொல்லச் சொன்னாருன்னான்."

"நானா?"

"நீங்கதான்னான்."

அப்பா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்கம்மா கடைசி வரைக்கும் வாசலையே பார்த்துட்டு இருந்தா. நீ வருவேன்னு."

அவளுக்கு அழுகை வந்தது. அம்மாவுக்காக ஒரு அழுகை, வீணாய்ப் போன நாலு வருஷத்துக்காக ஒரு அழுகை. அவன் தன் தம்பி என்பதும், இன்று காலைகூட தனக்காகத்தான் ஓடினான் என்பதும் சேர்ந்துகொண்டதால், யார் மேல் கோபப்படுவது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

வாசலில் கார் நின்றது. "அவ்வளவுதான் சார், பிரமாதம், அடுத்த வகுப்புல பறந்துருவீங்க" என்று பேங்க் மேனேஜரை வழியனுப்பும் குரல் கேட்டது. செருப்பை உதறிவிட்டு, நடையில் விசிலடித்தபடி வந்தான் சின்னவன்.

"அக்கா, என்ன ஆச்சு? கிடைச்சுதா?"

நடு அறை வாசலில் அவன் கால் நின்றது. நாற்காலியில் அப்பா, கட்டில் ஓரத்தில் அக்கா. முதலில் அவன் முகம் மலர்ந்தது, அது பொய்யில்லை. பிறகு இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். மலர்ந்தது அப்படியே வாடியது.

"உள்ள வாடா" என்றார் அப்பா. குரலை உயர்த்தவில்லை. "அம்மா கிடந்தப்போ என்ன நடந்துச்சு? ரெண்டு பேரும் இங்கதான் இருக்கோம். ஒரே தடவையா சொல்லு."